ஓடுபாதை கேளாத விமானங்கள்

1941-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில், கிறிஸ்துமஸ் பண்டிகைக்குச் சில தினங்களே இருந்த சமயத்தில், திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழ்ந்த நீர்ப்பரப்பில், நான்கு எஞ்சின்களும் மூன்று செங்குத்து வால்களும் உடைய பிரம்மாண்டமான அமெரிக்க விமானம் ஒன்று வந்து இறங்கியது. பான் அமெரிக்கன் கம்பெனிக்குச் சொந்தமான அந்தப் போயிங் 314 விமானத்தின் பெயர் ‘பஸிபிக் கிளிப்பர்’. அம்மாதத் தொடக்கத்தில் ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து நியூஸிலாந்தை நோக்கிப் பிரயாணிகளுடன் புறப்பட்ட அது, ஆக்லாந்தை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், பேர்ல் துறைமுகத்தின்மீது ஜப்பானியர் குண்டு வீசிவிட்ட செய்தி ரேடியோவில் வந்தது. வந்த வழியே திரும்புவது அசாத்தியமாகிவிட்டபடியால், மேற்கு நோக்கியே பறந்து, பூமியைச் சுற்றிக்கொண்டு அமெரிக்கா வந்து சேரும்படி காப்டன் ராபர்ட் ஃபோர்டுக்கு உத்தரவாயிற்று.

அந்த மார்க்கத்தில் அவரோ அவருடைய சகாக்களோ அதற்கு முன் பறந்தவர்கள் அல்லர். ஆஸ்திரேலியாவைக் கடந்து ஜாவாத் தீவின் ஸுரபாயாவை அடைந்தபோது, விமானப் பெட்ரோல் யுத்தத் தேவைக்கென்று ஒதுக்கப்பட்டிருந்ததால், மோட்டார் வண்டிகளுக்கு ஊற்றும் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு இந்து மகாசமுத்திரத்தைத் தாண்டவேண்டியிருந்தது. திருகோணமலையிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் ஓர் எஞ்சின் பழுதாகித் திரும்பி வந்து, அதைச் செப்பனிட்டுக்கொண்டு மறுபடியும் எழும்பினார்கள். பிறகு கராச்சி, பஹ்ரைன், நைல் நதிக்கரையிலுள்ள கார்ட்டூம், காங்கோ நதிக்கரையிலுள்ள லியோபோல்ட்வில், பிரேஸில் தேசத்து நட்டால், டிரினிடாட் என்று நீரிலிருந்து நீருக்கே தாவிச் சென்று, 1942 ஜனவரி 6-ஆம் தேதி நியூயார்க் நகரில் இறங்கியபோது, ஏறக்குறைய 50,000 கிலோமீட்டர் தூரத்தை அந்த விமானம் கடந்திருந்தது.

இந்தப் பிரயாணத்தின் வீரத்தைப் பலர் புகழ்ந்திருக்கிறார்கள். அதனைச் சாத்தியமாக்கிய காரணத்தையும் சற்று நின்று சிந்திப்பது நலம். திட்டமிடப்படாத ஒரு வழியில், முன்னேற்பாடு ஏதுமற்ற ஊர்களில், அத்தனை பெரிய யந்திரம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி ஏறியதென்றால், அது எந்த ஊராரிடமும் ஓடுபாதை கேட்கவில்லை என்பதுதான் அதன் ரகசியம். தரை விமானம் ஓரிடத்துக்கு வருமுன் அந்த இடத்தை மனிதன் சமப்படுத்தி, இறுக்கி, நீட்டி வைத்தாகவேண்டும். பறக்கும் படகோ, ஆறும் ஏரியும் குடாவும் எப்படி இருக்கின்றனவோ அப்படியே அவற்றை ஏற்றுக்கொண்டு வருவது. அதன் கவர்ச்சி, அதன் உபயோகம், அதன் வீழ்ச்சி ஆகிய மூன்றும் இந்த ஒரே குணத்திலிருந்து பிறந்தவை என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

நீரின் பிடியிலிருந்து விடுதலை

தண்ணீரிலிருந்து முதன்முதலாக விமானத்தை எழுப்பியவர் ஹென்றி ஃபாப்ர் என்னும் பிரெஞ்சுக்காரர். 1910 மார்ச் 28-ஆம் தேதி, மார்ஸேல்ஸ் நகருக்கருகில் மார்ட்டிக் என்ற ஊரை ஒட்டிய உப்பங்கழியில், மிதவைகள் பொருத்திய தம் விமானத்தில் அவர் பறந்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் கிளென் கர்ட்டிஸ் என்பவர், விமானத்துக்குக் கீழே மிதவை கட்டுவதை விட்டு, விமானத்தின் உடலையே படகாகச் செய்துவிடும் யோசனையை நிறைவேற்றினார். மிதவை விமானத்துக்கும் பறக்கும் படகுக்கும் உள்ள வேற்றுமை இதுதான்: முன்னது நீரின்மேல் கால் ஊன்றி நிற்பது, பின்னது நீரில் உடம்பைக் கிடத்தியிருப்பது.

ஆனால், மிதப்பதற்கு நல்ல உருவம் எழும்புவதற்கு நல்ல உருவமாக அமைந்துவிடவில்லை. நனைந்த மேஜையின்மேல் ஒட்டிக்கொண்ட கண்ணாடித் தட்டை நேராகத் தூக்க முயன்றவர்களுக்கு, தண்ணீர் ஒரு பொருளை எவ்வளவு பிடிவாதமாகப் பற்றிக்கொள்ளும் என்பது தெரிந்திருக்கும். அப்படியே, வழவழப்பான அடிப்பாகத்தோடு கர்ட்டிஸ் கட்டிய முதற்படகும், எஞ்சின் எவ்வளவு முழங்கினாலும் நீரை விட்டு எழ மறுத்தது. அடிப்பாகத்தின் நடுவில், குறுக்காக, ஒரு படியை வெட்டியதுபோல் மட்டத்தை உயர்த்தி அமைத்தபோதுதான் அந்தப் பிடி அறுந்தது. வேகம் ஏற ஏற, படிக்குப் பின்னால் காற்று புகுந்து, நீருக்கும் விமானத்துக்கும் உள்ள பற்றைத் துண்டித்துவிட்டது. இன்று வரை கட்டப்பட்டுள்ள பறக்கும் படகுகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அந்தப் படியைக் காணலாம்.

ஆகவே பறக்கும் படகு எழும்புவதில் தரை விமானத்தில் காணமுடியாத ஒரு கிரமம் உண்டு. முதலில் அது சாதாரணப் படகைப்போல் நீரை இருபுறமும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, மூக்கை உயர்த்தி, கனமாக நகர்கிறது. பிறகு தன் முன்னே தானே எழுப்பிய அலையின் மேட்டை ஏறிக் கடந்து, படியின்மீது மட்டும் தாங்கியவாறு நீர்த்தோலைச் சீவிக்கொண்டு ஓடுகிறது. கடைசியில் அதிர்ச்சி சட்டென்று அடங்க, நீர் கைவிட்ட பாரத்தைக் காற்று ஏற்றுக்கொள்கிறது. இறங்குவதற்கும் தனி வித்தை வேண்டும். கொந்தளிப்பான கடல் அபாயமானது என்பது எவருக்கும் விளங்கும். அலையே இல்லாத கண்ணாடி போன்ற நீரும் அதற்குக் குறையாத அபாயமுடையது என்பதை அத்தொழிலில் இருந்தவர்களே அறிவார்கள். ஆகாயம் அப்படியே பிரதிபலிக்கும் பரப்பில், நீர் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குப் புலப்படாமல் விமானிகள் ஏமாந்துவிடுவார்கள். அதனால், மோட்டார்ப் படகு ஒன்றை முன்கூட்டி ஓடவிட்டு, நீரின்மீது சிற்றலைகளை எழுப்பிக்கொண்டு இறங்கும் வழக்கமும் இருந்தது.

கால அட்டவணை வைத்து நடத்தப்பட்ட உலகத்தின் முதல் விமானப் போக்குவரத்துக்கும் பறக்கும் படகே வாகனமாயிற்று. 1914 ஜனவரி முதல் தேதியன்று, ஃபுளோரிடாவில், டோனி ஜான்னஸ் என்ற விமானி ஒரே ஒரு பிரயாணியுடன் ஸெயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து டாம்பா நகருக்கு வளைகுடாவைத் தாண்டி 23 நிமிஷத்தில் சென்றார்.

சமுத்திரங்களின் பொற்காலம்

இரண்டு மகாயுத்தங்களுக்கு இடைப்பட்ட இருபது ஆண்டுகள் பறக்கும் படகுகளின் பொற்காலம். பெரிய விமானம் கட்ட வேண்டுமானால் அதன் எடையைத் தாங்கும் தரையும் வேண்டும். அக்காலத்து விமான நிலையங்களோ பெரும்பாலும் புல்வெளிகள். கடலுக்கு அத்தகைய குறை கிடையாது. எத்தனை நீளம் வேண்டுமானாலும் ஓடலாம். எத்தனை பாரமானாலும் தாங்கும். இந்தத் தைரியத்தில்தான் ஜெர்மானியராகிய கிளாடியஸ் டோர்னியர், பன்னிரண்டு எஞ்சின்கள் பொருத்திய ‘டோ எக்ஸ்’ என்னும் விமானத்தைக் கட்டினார். 1929 அக்டோபர் 21-ஆம் தேதி, கான்ஸ்டன்ஸ் ஏரியிலிருந்து அது 169 பேரைச் சுமந்துகொண்டு எழும்பியது. அவர்களில் ஒன்பது பேர் அனுமதியின்றி ஒளிந்து ஏறிக்கொண்டவர்கள். அக்காலத்துக்கு அது நம்புதற்கரிய எண்ணிக்கை.

இங்கிலாந்தில் ஷார்ட் சகோதரர்களின் தொழிற்சாலை 1936-இல் வெளியிட்ட ‘எம்பயர்’ வகைப் படகுகள், ஆடம்பரத்தைவிட ஒழுங்கான சேவையையே குறிக்கோளாகக் கொண்டவை. அவற்றில் இருபத்தெட்டை, ஒன்றுகூடப் பறந்து பார்க்கப்படாத நிலையிலேயே, இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனியார் வரைபடத்தை நம்பி வாங்க ஒப்பந்தம் செய்தார்கள். ஸதாம்ப்டன் துறையில் ஏறியவர், வழியில் இரவுகளைப் பெரும்பாலும் கரையிலுள்ள ஹோட்டல்களில் கழித்து, ஏறத்தாழப் பத்து நாளில் ஸிட்னி நகரின் ரோஸ் குடாவில் இறங்கலாம். விமானத்துக்குள்ளே, ஜன்னலோரத்தில் நின்று வெளியே பார்ப்பதற்கென்றே ஓர் அறை இருந்தது. அக்காலத்து விமானங்கள் தாழ்வாகப் பறந்தமையால், கீழே தெரிந்தவை வயல்களும் கோபுரங்களும் தோணிகளுமே.

இந்தியாவில் அவற்றின் வழி கராச்சி, ராஜஸமந்த், குவாலியர், அலகாபாத், கல்கத்தா என்று அமைந்தது. ராஜஸமந்த் ஏரி பதினேழாம் நூற்றாண்டில் மேவார் மகாராணா ராஜஸிங்கர் வெட்டுவித்தது. அணை கட்டிய அம்மன்னர் மனத்தில் குடிகளின் தாகமும் வயல்களின் தாகமும் இருந்திருக்கும். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, கல் ஒன்றையும் பெயர்க்காமல், அதே ஏரி இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே ஆகாயத் துறைமுகமாயிற்று. அலகாபாத்தில் யமுனையிலும், கல்கத்தாவில் ஹூக்ளி நதியில் பாலிப் பாலத்துக்கருகிலும் விமானங்கள் இறங்கின. இருக்கிற நீர்நிலைகளையே நிலையமாகக் கொள்ளும் இந்தப் பணிவு அவ்விமானங்களின் தலையாய அழகு என்று நான் கருதுகிறேன்.

நம் கடற்பரப்பில் நடந்த சரித்திரம்

இந்தச் சரித்திரத்தின் மிகச் சிறந்த அத்தியாயங்கள் சில இலங்கையிலும் சென்னையிலும் எழுதப்பட்டவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இலங்கையின் தென்கோடியில், காலி நகருக்குச் சற்றுக் கிழக்கே, கொக்கலை என்னும் ஏரி இருக்கிறது. 1942 ஏப்ரல் 4-ஆம் தேதி அங்கிருந்து ரோந்து சென்ற காடலினா என்னும் பறக்கும் படகில், கனடா தேசத்து விமானி லியோனார்ட் பர்ச்சல் தலைமை தாங்கினார். அந்திநேரத்தில், தெற்கே அடிவானத்தில் தெரிந்த புள்ளிகளை இன்னவென்று நிச்சயித்துக்கொள்ள நெருங்கியபோது, அட்மிரல் நகுமோவின் ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதை அவர் கண்டார். தப்பி ஓடுவதற்கு வேண்டிய வேகம் அந்த விமானத்துக்கு இல்லை. ஆயினும் ரேடியோ மூலம் எச்சரிக்கை அனுப்புவதற்கு வேண்டிய அவகாசம் கிடைத்தது. பிறகு அது சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். பர்ச்சல் உள்ளிட்ட அறுவர் யுத்தக் கைதிகளாயினர். மறுநாள் காலை, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பின்மீது குண்டு வீசப்பட்டபோது, நகரத்தார் எதிர்பாராத நிலையில் சிக்கிக்கொள்ளாமலிருந்தது அந்தச் செய்தியினால்தான்.

அதே கொக்கலை ஏரி, அடுத்த ஆண்டில் வேறொரு அதிசயத்துக்கும் நிலையமாயிற்று. சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த ஆகாயத் தொடர்பு அறுந்துபோக, குவாண்டாஸ் கம்பெனியார் ஐந்து காடலினாக்களுக்கு நட்சத்திரங்களின் பெயரை இட்டு, 1943 முதல் பெர்த் நகரிலிருந்து கொக்கலைக்கு நிற்காமல் பறக்கத் தொடங்கினார்கள். சுமார் 5,650 கிலோமீட்டர் தூரமும் வெறுங்கடல். பகைவரின் விமானங்கள் திரியும் பிரதேசத்தை இருளில் கடக்கவேண்டும். இருப்பிடம் வெளிப்பட்டுவிடுமென்று ரேடியோவில் பேசவும் கூடாது. நட்சத்திரங்களை அளந்தே திசை கணித்தார்கள். வழியெல்லாம் எரிப்பதற்குப் பெட்ரோலைச் சுமக்கவேண்டியிருந்ததால், ஏற்றக்கூடிய பிரயாணிகள் மூன்று பேருக்கு மேல் இல்லை. வேகமோ மணிக்கு 200 கிலோமீட்டர் அளவே. எதிர்க்காற்று பலமாக வீசிய ஒருமுறை, கடப்பதற்கு 32 மணி 9 நிமிஷம் பிடித்தது. ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டவர்கள் என்று, ஒவ்வொரு பிரயாணிக்கும் ஓர் அத்தாட்சிப் பத்திரம் வழங்கினார்கள். 1945-இல் சேவை நிறுத்தப்படுவதற்குள் 271 முறை அந்தச் சமுத்திரம் கடக்கப்பட்டது. அவற்றில் ஒன்றிலேனும் உயிர்ச்சேதம் இல்லை.

சென்னைவாசிகள் இன்று குடிநீருக்காக நன்றியுடன் நினைக்கும் செங்குன்றம் ஏரியும் அந்த யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் பறக்கும் படகுத் தளமாக இருந்தது. 240-ஆம் படைப்பிரிவின் காடலினாக்கள் அங்கே நங்கூரமிட்டு நின்று, வங்காள விரிகுடாவின்மேல் நெடுநேரம் ரோந்து சுற்றித் திரும்பிவந்தன. நகரத்துக்கு அத்தனை அருகில் நடந்த இந்த வரலாற்றை நம் பாடப்புத்தகங்கள் மறந்தது வருந்தத்தக்கது.

வீழ்ச்சிக்குக் காரணம்

இத்தனை பெருமையுள்ள ஒரு வாகனம் பத்தே ஆண்டுகளில் எவ்வாறு மறைந்தது? பழைய பொருள்கள்மீது பற்றுக் கொண்டவர்கள், உலகம் ரசனை கெட்டுப்போயிற்று என்று சொல்லித் திருப்தியடைந்துவிடலாம்; ஆனால் அது நியாயமாகாது. பறக்கும் படகை வீழ்த்தியது யுத்தமே. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் உலகெங்கும், பசிபிக் தீவுகளிலும் ஆப்பிரிக்கப் பாலைகளிலுங்கூட, குண்டு விமானங்களுக்காகச் செலவைப் பாராமல் நீண்ட கான்கிரீட் ஓடுபாதைகள் போடப்பட்டன. சமாதானம் வந்ததும் அவை அத்தனையும் வியாபார விமானங்களுக்குச் சீதனமாகக் கிடைத்தன. ஓடுபாதை வேண்டாம் என்பதே பறக்கும் படகின் பெரிய வாதம். ஓடுபாதை எங்கும் இருக்கும்போது அந்த வாதத்தைக் கேட்பார் இல்லை.

அதன் குறைகள் அப்போது வெளிப்படையாகத் தெரிந்தன. நீருக்கு ஏற்ற உடல் காற்றில் அதிகத் தடையை உண்டாக்குவதால் வேகமும் சிக்கனமும் குறைந்தன. உப்புநீர் உலோகத்தை ஓயாமல் அரித்தது. இரவில் இறங்குவதற்கு முன் நீரில் மிதக்கும் கட்டையோ தோணியோ இருக்கிறதா என்று படகு விட்டுப் பார்க்கவேண்டியிருந்தது. பிரயாணிகளைச் சிறுபடகில் ஏற்றி இறக்கவேண்டியிருந்தது. 1950-இல் பிரிட்டிஷ் ஓவர்ஸீஸ் ஏர்வேஸ் கார்ப்பொரேஷன் தன் பறக்கும் படகுகளைக் கைவிட்டது. போயிங் 314 விமானங்கள் மொத்தம் பன்னிரண்டு கட்டப்பட்டன. இன்று அவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவற்றைக் காண விரும்புவோர் அயர்லாந்தில் ஃபாயின்ஸ் என்னும் பழைய துறைமுகத்துக்குச் சென்று, அங்குள்ள மியூஸியத்தில் கட்டிவைத்திருக்கும் மாதிரிக்குள்தான் ஏறிப் பார்க்கவேண்டும். மிகப் பெரியதாகிய ஹோவர்ட் ஹ்யூஸின் மரத்தாலான விமானம், 97 மீட்டருக்கு மேற்பட்ட இறக்கையுடன், 1947 நவம்பர் 2-ஆம் தேதி ஒரேயொரு முறை சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் பறந்ததோடு நின்றுவிட்டது.

ஆனால் இந்த விதிக்கு மறுதலை ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லார்ட் ஹோ என்னும் சிறு தீவுக்கு, பெரிய விமானங்களெல்லாம் ஜெட் எஞ்சினுக்கு மாறிய பிறகும், 1974 வரை பறக்கும் படகுகள் போய்வந்துகொண்டிருந்தன. தீவிலே ஓடுபாதை போடப்பட்ட ஆண்டும் அதுவே. ஓடுபாதை இல்லாத இடத்தில் பறக்கும் படகு தோற்றதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எழும்பியும் எழும்பாமலும்

பறக்கும் படகுகளின்மேல் மோகம் கொண்டவர்கள் விரைவிலேயே வந்து சேரும் இன்னொரு வாசல், நீரை விட்டு எழும்பியும் அதை விட்டுப் பிரியாமல், சில மீட்டர் உயரத்திலேயே பறந்து செல்லும் விசித்திர வாகனங்கள். இவற்றின் தத்துவத்தைப் பழவேற்காட்டுக் கழியில் கூழைக்கடாக்களைக் கவனித்தவர்கள் கண்ணாரக் கண்டிருப்பார்கள். அப்பெரும்பறவை, சிறகை விரித்து அசைக்காமல், நீருக்கு ஒரு சாண் மேலே வெகுதூரம் வழுக்கிக்கொண்டே செல்லும். சிறகின் நுனியில், கீழேயுள்ள அழுத்தமான காற்று மேலே சுருண்டு ஏறி, சுழல்களை உண்டாக்குகிறது. அச்சுழல்களை இழுத்துக்கொண்டு செல்வதில் விமானத்தின் சக்தி பெரிதும் விரயமாகிறது. நீர்ப்பரப்பு மிக அருகில் இருக்கும்போது அவை முழுமையாக உருவாக இடமில்லை. சிறகுக்கும் நீருக்கும் நடுவே அகப்பட்ட காற்றும் மெத்தையாக நின்று தாங்குகிறது. இறக்கையின் நுனிக்கு நுனி உள்ள நீளத்தில் பத்தில் ஒரு பங்கு உயரத்தில் பறந்தால், இந்தச் சுழல்களால் விளையும் தடை ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது கணக்கு. மேலே சொன்ன டோ எக்ஸ் விமானமும் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கும்போது இந்தத் தயவை நாடித் தாழ்வாகவே பறந்தது.

இந்தத் தயவையே மூலதனமாக வைத்து ஒரு புதிய வாகனத்தைச் சிருஷ்டிக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் ரஷ்ய நிபுணர் ரோஸ்திஸ்லாவ் அலெக்ஸெயெவ். வால்கா நதிக்கரையில் கார்க்கி நகரில் இருந்துகொண்டு, நீருக்குள் சிறகு வைத்து விரையும் ‘ராக்கெட்டா’, ‘மீட்டியார்’ என்னும் பிரயாணக் கப்பல்களை நிர்மாணித்துப் புகழ் பெற்றிருந்த அவர், நீரின் தடையை முற்றிலும் உதறிவிடும் எண்ணத்தில், 1966-இல் ‘கே.எம்.’ என்னும் பரிசோதனை வாகனத்தைக் காஸ்பியன் கடலில் இறக்கினார். அதன் நீளம் 92 மீட்டர். எடை 544 டன் வரை. ஜெட் எஞ்சின்கள் பத்து. அவற்றில் எட்டு முன்புறத்தில் வரிசையாக நின்று, எழும்பும் சமயத்தில் இறக்கையின் அடியில் காற்றைச் செலுத்தி உந்தித் தூக்கின. எழும்பிய பிறகு அந்த முழுச் சக்தியும் தேவைப்படவில்லை. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் படங்களில் அதனைக் கண்ட நிபுணர்கள், இத்தனை பெரிய உடலுக்கு இத்தனை குட்டையான இறக்கை எதற்கு என்று திகைத்து, ‘காஸ்பியன் கடலின் ராட்சசன்’ என்று பெயரிட்டார்கள். 1988-இல் ஆன்டனோவ் 225 பறக்கும் வரை அதைவிடக் கனமான பறக்கும் யந்திரம் உலகில் இருந்ததில்லை.

அலெக்ஸெயெவின் வாழ்க்கையில் வெற்றியும் வேதனையும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன. 1974-இல், ‘ஓர்லியோனோக்’ என்னும் வாகனத்தின் சோதனையின்போது பின்புறம் முறிந்து வாலோடு கடலில் விழுந்துவிட்டது. உள்ளே இருந்த அலெக்ஸெயெவ் கலங்காமல் தாமே கட்டுப்பாட்டை ஏற்று, மூக்கிலுள்ள எஞ்சின்களின் சக்தியைக் கூட்டி, எஞ்சிய உடலைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். உயிர்களைக் காப்பாற்றிய அவருக்குக் கிடைத்தது பதவியிறக்கம். 1980 பிப்ரவரியில் அவர் காலமானார். அதே ஆண்டில் கே.எம். வாகனமும் விபத்துக்குள்ளாகிக் காஸ்பியன் கடலில் மூழ்கியது. அவருடைய வழியில் பின்னர் கட்டப்பட்ட ‘லூன்’ என்னும் ஏவுகணை வாகனம், 2020-இல் தாகெஸ்தானின் தெர்பெந்த் நகருக்கருகே இழுத்து வரப்பட்டு இன்று கரையேறி நிற்கிறது.

இந்த வாகனங்களுக்கு இயற்கை விதித்த இடர்கள் எளியவை அல்ல. உயரம் சிறிது மாறினாலும் தாங்கும் விசையின் மையம் முன்பின்னாக நகர்ந்து மூக்கு தூக்கிக்கொள்ளும். அதனால்தான் ரஷ்யர் அத்தனை பெரிய வாலை அத்தனை உயரத்தில் வைத்தனர். ஜெர்மானிய நிபுணர் அலெக்ஸாண்டர் லிப்பிஷ், முக்கோண இறக்கையைத் தலைகீழாகத் திருப்பி அமைத்து, இதற்கு அழகானதொரு பரிகாரம் கண்டார். ஆனாலும் அலை உயர்ந்தால் ஓட முடியாது. வளைந்து திரும்ப வெகு இடம் வேண்டும். எதிரே தோணி வந்தால் விலகுவதற்கு விமானத்தின் உயரமும் இல்லை, கப்பலின் நிதானமும் இல்லை. கப்பலா, விமானமா என்ற கேள்வியே சட்டத்துக்குத் தலைவலியாயிற்று. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2002-இல் இவற்றை மூன்று இனமாகப் பிரித்து வழிகாட்டு விதிகளை வகுத்தது.

இன்று எங்கே நிற்கிறது?

ஓடுபாதை இல்லாத இடங்கள் இன்னும் உலகில் இருக்கின்றன. அங்கெல்லாம் நீரில் இறங்கும் விமானம் உயிரோடிருக்கிறது. காட்டுத்தீ பரவும் மத்திய தரைக்கடல் நாடுகளிலும் கனடாவிலும், மஞ்சளும் சிவப்பும் பூசிய கனடேர் விமானங்கள், ஏரியின்மேல் ஓடியவாறே பன்னிரண்டு வினாடிக்குள் ஆறாயிரம் லிட்டருக்கு மேல் நீரை முகந்துகொண்டு எழும்பிச் சென்று நெருப்பின்மேல் கொட்டுகின்றன. டோக்கியோவுக்குத் தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒகஸாவாராத் தீவுகளில் பொதுமக்களுக்கான விமான நிலையம் கிடையாது. கப்பலில் போக ஒரு நாள் பிடிக்கும். அங்கே ஒருவருக்கு உயிராபத்தான நோய் கண்டால், மூன்று மீட்டர் அலையிலும் இறங்கவல்ல யு.எஸ்.2 என்னும் ஜப்பானியக் கடற்படையின் பறக்கும் படகு சென்று அழைத்துவருகிறது. மாலத்தீவுகளில் மிதவை விமானங்கள் இல்லாமல் சுற்றுலாத் தொழிலே நடவாது.

நீரை ஒட்டிப் பறக்கும் வாகனங்களுக்கும் புதிய ஊக்கம் பிறந்திருக்கிறது. சிங்கப்பூரில் ‘ஏர்ஃபிஷ்’ என்னும் சிறு வாகனம் உருவாகியிருக்கிறது. அமெரிக்காவில் ரீஜென்ட் கம்பெனியார், நீர்ச்சிறகும் மின்சக்தியும் சேர்த்து, பன்னிரண்டு பேர் செல்லத்தக்க வாகனத்தைச் சோதித்து வருகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் தோன்றிய வாட்டர்ஃப்ளை டெக்னாலஜீஸ் என்னும் இளம் நிறுவனமும் இதே முயற்சியில் ஈடுபட்டிருப்பது நமக்கு உற்சாகமளிக்கும் செய்தி. மிதமான வேகம், குறுகிய தூரம், கரையை ஒட்டிய அமைதியான நீர் ஆகிய எல்லைகளை முதலிலேயே ஒப்புக்கொண்டு இந்த முயற்சிகள் நடப்பதால், அலெக்ஸெயெவின் ராட்சதக் கனவைவிட இவை பலிக்கக்கூடும் என்று எண்ண இடமிருக்கிறது.

நம் தேசத்தின் அனுபவம் நிதானத்தையும் போதிக்கிறது. குஜராத்தில் 2020-இல் சபர்மதி நதியிலிருந்து கேவடியாவுக்கு ஆரவாரமாகத் தொடங்கிய சேவை நீடிக்கவில்லை. கேரளத்தில் 2013-இல் அஷ்டமுடிக் காயலில் மிதவை விமானம் கொண்டுவந்தபோது, தங்கள் வலையும் வாழ்வும் பாதிக்கப்படும் என்று மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். 2024 நவம்பரில் கொச்சியிலிருந்து மாட்டுப்பெட்டிக்குப் பரீட்சார்த்தமாகப் பறந்தபோதும் இத்தகைய கவலைகள் மறுபடி எழுந்தன. அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஓடுபாதைக்கு நிலம் வேண்டும் என்பது உழவரின் துயரமானால், நீர்ப்பாதைக்கு நீர் வேண்டும் என்பது மீனவரின் துயரம். வெறுமையாக இருக்கிறதென்று ஆகாயத்திலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும் ஏரி, கரையில் வாழ்பவருக்கு வயல்.

கவர்ச்சியின் பொருள்

பழைய விமானங்களை நேசிப்பது பழமைமோகம் என்று சிலர் ஒதுக்கிவிடுவதுண்டு. வேகத்தையும் லாபத்தையும் மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் அவர்கள் கூற்றில் தவறில்லை. ஆனால் ஒரு யந்திரம் நமக்குப் பிடித்துப்போவதற்கு அது உலகத்தோடு நடந்துகொள்ளும் முறையும் ஒரு காரணமாகிறது. தரை விமானம் உலகத்தைத் தனக்கேற்பத் திருத்தியமைத்துக்கொண்டு வளர்ந்தது. அதனால் நமக்குக் கிடைத்த நன்மைகள் கணக்கற்றவை. நான் அவற்றைக் குறைத்துச் சொல்லமாட்டேன். பறக்கும் படகு உலகத்துக்கேற்பத் தன்னைத் திருத்தியமைத்துக்கொண்டது. தன் அடிவயிற்றில் ஒரு படியை வெட்டிக்கொண்டு, காற்றுக்குரிய மென்மையில் பாதியை நீருக்குத் தியாகம் செய்து, உப்பின் அரிப்பை ஒவ்வொரு நாளும் கழுவித் துடைத்து, அதற்குப் பிரதியாக, மனிதன் இன்னும் தொட்டுச் சிதைக்காத இடங்களுக்குப் போகும் உரிமையைப் பெற்றது.

இந்த உரிமைக்கு இனிவரும் காலத்திலும் மதிப்பு குறையப்போவதில்லை. தீப்பற்றிய காடு ஓடுபாதைக்குக் காத்திராது; புயலில் துண்டிக்கப்பட்ட தீவும் நடுக்கடலில் கவிழ்ந்த படகும் காத்திரா. நீண்ட கடற்கரையும் அந்தமான், லட்சத்தீவு போன்ற சிதறிய தீவுகளும் உடைய ஒரு தேசம், மீட்புப் பணிக்கும் வைத்திய உதவிக்கும் நீரில் இறங்கவல்ல விமானங்களைப் பற்றி அலட்சியமாக இருப்பது விவேகமன்று. உல்லாசப் பிரயாணத்திலிருந்து தொடங்காமல், உயிர் காக்கும் சேவையிலிருந்து தொடங்கி, நீரைப் பிழைப்பாகக் கொண்டவர்களின் சம்மதத்தோடு அது நடக்குமானால், கரையிலுள்ளோர் அந்த விமானத்தை எதிர்க்கமாட்டார்கள், வரவேற்பார்கள். அதோடு, கொக்கலையிலும் செங்குன்றத்திலும் நடந்தவற்றை நம் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிவைக்க வேண்டும். தங்கள் ஊர் ஏரிக்கும் உலக சரித்திரத்துக்கும் உறவுண்டு என்று அறிந்த பிள்ளை அந்த ஏரியை வெறும் பள்ளமாகப் பார்க்காது. பறக்கும் படகைப் போற்றுவதாகச் சொல்லும் நாம், முதலில் அது இறங்குவதற்கேற்ற நீர்நிலைகளைத் தூர்க்காமல் காப்பாற்றிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.